வலது கால்கள்

தண்ணீர் இல்லாத ஆறு,
மரம் இல்லாத மலை,
ராஜா இல்லாத கோட்டை என்று
எங்கள் வேலூரைச் சொல்வார்கள்.
கத்திரி வெயிலில், பகல் இரண்டு மணிக்கு
அந்தப் பட்டியலில் நான் ஒன்று சேர்ப்பேன்:
காற்று இல்லாத காற்று.

அப்துல்லாபுரம் ஓடுதளத்தின் ஓரம்
வெள்ளைச் சட்டம் அடித்த ஒரு பெட்டி.
திறந்து வெப்பமானி பார்ப்பது என் வேலை.
நாற்பத்து மூன்று புள்ளி இரண்டு.
எழுதுவதற்குள் நோட்டில் வியர்வை சொட்டி
புள்ளி அழிந்தது.
கம்பத்தில் காற்றுப்பை
பிழியாமல் காயப்போட்ட கால்சட்டையாய்த் தொங்கியது.

நாலு பேர் உட்காரும் சின்ன விமானம்.
ஆம்பூர் முனவ்வர் சாகிப்
மூன்று பெட்டி ஷூ மாதிரிகளோடு வந்திருந்தார்.
ராத்திரி எட்டு மணிக்குள்
பெங்களூரில் ஒரு ஜெர்மன்காரன் பார்த்தாக வேண்டும்.
விடிந்தால் அவன் ஊருக்குப் போய்விடுவான்.

காப்டன் பெனிட்டா என் நோட்டைப் பார்த்தாள்.
பெட்டி ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள்.
"ஏறாது பாய்."

"இன்ஜின் புதுசுன்னாங்களே?"

"இன்ஜின் தூக்காது. இழுக்கும், அவ்வளவுதான்.
மூக்குல இருக்கிற விசிறி காத்தைப் பின்னால தள்ளும்,
நாம முன்னால போவோம்.
தூக்குறது இறக்கை.
வர்ற வழியில கார் ஜன்னல்ல கையை நீட்டினீங்களா?
முன்விளிம்பைக் கொஞ்சம் நிமித்துங்க,
கை தானா மேல போகும்.
காத்தை வளைச்சுக் கீழ அனுப்புறோம்,
அது நம்மளை மேல அனுப்புது.
ரொம்ப நிமித்தினா
காத்து முதுகைவிட்டு உரிஞ்சிடும்,
கை தொப்புன்னு விழும்."

சாகிப் யோசித்தார்.
"ஒரு புயல்ல எங்க தோல் ஷெட்டுத் தகரம் பறந்துச்சு.
யாரும் கீழ நின்னு தள்ளலையே?"
"உள்ள இருந்த காத்து தள்ளுச்சு.
மேல வேகமா ஓடினதுக்கு அழுத்தம் குறைஞ்சுபோச்சு."
"அதே காத்துதானே இங்கயும்?"

அங்கேதான் நான் வாயைத் திறந்தேன்,
சம்பளத்தில் இல்லாத வேலை.
"அதே காத்துதான் சாகிப், ஆனா சூட்டுல விரிஞ்சு கிடக்கு.
இடம் அதே இடம், சரக்கு கம்மி.
விசிறிக்குக் கவ்வக் கம்மி,
இறக்கைக்குத் தள்ளக் கம்மி,
இன்ஜினுக்கு மூச்சே கம்மி.
எல்லாத்துக்கும் சேர்த்து
இன்னும் தூரம் ஓடணும்."

ஓடுதளம் நீளாது.
முனையில் முள்வேலி,
வேலிக்கு அப்பால் ஹைவே,
ஹைவேயில் செங்கல் லாரிகள்.

"காலையில?"
"அஞ்சரைக்கு ஜம்முன்னு ஏறும்."
"அப்ப ஜெர்மன்காரனும் ஏறியிருப்பான்."

பெட்டிமேல் உட்கார்ந்தார்.
மலைப்பக்கம் பார்த்தார், அங்கே ஒன்றும் இல்லை.
பிறகு எழுந்து, மூடியைத் திறந்து,
மடியில் ஒரு ஜோடியை வைத்துக்கொண்டு
மெல்லச் சிரித்தார்.

"வாங்குறவன் என்னிக்கு ரெண்டு காலையும் பார்த்தான்?"

மூவரும் தரையில் குந்திப் பிரித்தோம்.
இடது, இடது, இடது.
வலதெல்லாம் என் பக்கம்.
தராசு முள் பாதிக்கு இறங்கியது.
பெனிட்டா காகிதத்தில் ஒரு கணக்குப் போட்டாள்,
அடித்தாள், மறுபடியும் போட்டாள்,
தலையாட்டினாள்.

விமானம் ஓடியது.
எடை கீழே பிடித்தது, காற்று பின்னே பிடித்தது,
விசிறி முன்னே பிடித்தது.
மேலே பிடிக்கவேண்டியது மட்டும்
இன்னும் வரவில்லை.
முக்கால் தளம் போயும் சக்கரம் தார்மேல்தான்.
நான் மூச்சை அடக்கிக்கொண்டேன்,
அந்தக் காற்றும் அவர்களுக்கே இருக்கட்டும் என்று.

மூக்கு நிமிர்ந்தது. கொஞ்சம்தான்.
சக்கரத்துக்கும் அதன் நிழலுக்கும் நடுவே
ஒரு கோடு வெளிச்சம்.
ஒரு லாரிக்காரன் ஜன்னலில் தலைநீட்டி அண்ணாந்தான்.

எழுபத்தாறு வலது கால்களோடு
நான் தரையில் நின்றேன்.
கறுப்பில் ஒன்று என் அளவு.
வலதில் அது, இடதில் ரப்பர் செருப்பு.
விந்திவிந்திப் போய்
மூன்று மணிக் கணக்கை எழுதினேன்:
நாற்பத்து மூன்று புள்ளி நாலு.